இரண்டாம் காசெட்டின் விலை

பட்டினப்பாக்கம், சென்னை
25.2.1996

அமெரிக்கா போயும் அரைக் கிலோ கூட ஏறாத என் அன்புக் கொழுந்தன் லாசருக்கு,

அண்ணி தேசம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் சுகம். உன் அண்ணனும் சுகம், அவர் வாயும் சுகம். தவக்காலம் தொடங்கிவிட்டது. கறி தின்னும் கிறிஸ்தவர்கள் எல்லாம் கறியை நிறுத்திவிட்டு என் கூடையைத் தேடி வருகிறார்கள். ஈஸ்டர் வரைக்கும் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நான்தான் ராணி.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பின்னால் இருக்கும் கார் உன்னுடையதா, இல்லை யாருடைய காரிலோ சாய்ந்து நின்றாயா? சாய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் அடுத்தவன் கார் போலத்தான் தெரிகிறது. இருந்தாலும் நான் எல்லோரிடமும் உன்னுடையது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் நீயும் அப்படியே சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு தவறாமல் என்னிடம் மீன் வாங்கும் அருள்தாஸ் சார், போஸ்டாபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு ரெஜினா என்று ஒரே மகள். சைதாப்பேட்டை கோர்ட்டில் டைப்பிஸ்ட். கறாரான பெண். செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு மீன் வாங்க மாட்டாள். உன் போட்டோவை அவள் கையில் கொடுத்தேன். செவுளைத் திறக்க வழியில்லாததால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சார்தான் கேட்டார்: “தம்பி அங்க இன்னா வேல செய்றாரு?”

“வெல போடுறான் சார்.”

“எதுக்கு?”

“ஜப்பான்காரன் வரையற பொம்மப் படத்துக்கு.”

மனிதர் சிரித்த சிரிப்பில் பை நழுவி இரண்டு சங்கரா தரையில் விழுந்தது. பக்கத்துக் கடை சரோஜாதேவி சும்மா இருப்பாளா? “இன்னாடி தேசம்மா, பொம்ம விக்கவா உன் கொயுந்தன் ஏரோப்ளேன் ஏறினான்? அத மைலாப்பூர் அறுபத்துமூவர் திருநாள்லயே வித்துருக்கலாமே” என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் அண்ணன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

சாருக்கு இன்னொரு வரனும் வந்திருக்கிறது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தவக்காலத்தில் நாம் சம்பந்தம் பேசுவதில்லை அல்லவா, ஈஸ்டர் கழித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஏசி என்றால் எல்லோருக்கும் புரிகிறது. உன் வேலை எனக்கே புரியவில்லை. ஐந்தாவதோடு நின்றவளுக்கும் விளங்குகிற மாதிரி எழுது. நீ விலை போட்ட படம் ஒன்றையும் அனுப்பு, அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். சார் வீட்டில் குவைத்திலிருந்து வந்த வீடியோ டெக் இருக்கிறது. எந்த ஊர்க் காசெட் போட்டாலும் ஓடுமாம்.

ஒரு காசெட் முப்பத்தைந்து டாலர் என்று எழுதியிருந்தாய். தெரியாமல்தான் கேட்கிறேன், பார்த்து முடித்த பிறகு அதைக் குழம்பு வைக்கலாமா?

உன்னைப் பொறுத்துப் போகும்,
தேசம்மா அண்ணி


சான் ஹோசே
9.3.1996

அன்புள்ள அண்ணிக்கு லாசரின் ஸ்தோத்திரம்.

கார் அடுத்தவனுடையதுதான். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

அவர்கள் சிரித்தது எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டில் போய்க் கோபப்பட்டதுதான் மனதில் நிற்கிறது. முடிந்தவரை விளக்குகிறேன்.

இந்த ஊரில் ஜப்பான் படங்கள் என்றால் உயிரை விடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காக எங்கள் கம்பெனி அந்தப் படங்களை வரவழைத்து வீடியோ காசெட்டாக விற்கிறது. ஜப்பான் கம்பெனிக்கு உரிமைப் பணம், மொழிபெயர்க்கிறவருக்குச் சம்பளம், படத்தின் கீழே எழுத்துப் போடுகிற கூலி, எல்லாவற்றையும் அந்தக் கொஞ்சம் பேர் தலையில்தான் பிரித்துப் போட வேண்டும். ஆங்கிலத்தில் பேச வைத்த காசெட்டை நிறையப் பேர் வாங்குவார்கள், அதனால் அது மலிவு. ஜப்பான் பேச்சை அப்படியே வைத்து எழுத்து மட்டும் போட்டதை உண்மையான ரசிகன்தான் தேடி வாங்குவான், அதனால் அது விலை கூடுதல். ஜப்பானிலேயே இதைவிடப் பல மடங்கு விற்கிறது. நாங்கள் ரொம்ப மலிவாக விற்றால் ஜப்பான்காரர்களே இங்கிருந்து வரவழைத்து விடுவார்களோ என்று அந்தக் கம்பெனிக்குப் பயம்.

இத்தனையையும் கூட்டிக் கழித்து விலையை முதலாளி மேஜையில் வைப்பது நான். அதற்காகத் திட்டி வருகிற கடிதங்களைப் படிப்பதும் நான். “எங்களுக்கு ஆசை இருக்கிறது என்பதற்காகவே எங்களைப் பிழிகிறீர்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், கணக்கைத் தவிர வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஷரஃபுதீன் அடுத்த வாரம் தி.நகரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு வருகிறார். அவரிடம் ஒரு படம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு காசெட். கதை முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடியும். கடல் கதை, நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் அண்ணி: காசெட்டுக்குச் சூடு ஆகவே ஆகாது. மெட்ராஸ் வெயில் அதன்மேல் படக்கூடாது.

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது உண்மையா, நீங்கள் சேர்த்ததா?

அன்புடன்,
லாசர்


பட்டினப்பாக்கம்
28.3.1996

லாசரு,

நின்றுகொண்டு படித்தால் முதலில் உட்கார்.

காசெட்டுக்குச் சூடு ஆகாது என்று எழுதினாய். எழுதினாயா இல்லையா? சூடு ஆகாத பொருளை உன் அண்ணி எங்கே வைப்பாள்? அங்கேதான் வைத்தேன். கூடையில் அடியில் ஐஸ், ஐஸுக்கு மேல் பிளாஸ்டிக் கவரில் உன் காசெட் இரண்டும், மேலே கோணி, கோணிக்கு மேல் நெத்திலி. பஸ்ஸில் சைதாப்பேட்டை வரை ஒரு பொட்டு வெயில் படாமல் கொண்டுபோனேன். இத்தனை வருஷத்தில் என் கூடையில் ஒரு மீன் கெட்டதில்லை. கவரில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது. ஐஸுக்குத் தெரிந்திருக்கிறது.

சார் வீட்டில் போய்க் கவரைப் பிரித்தால் தண்ணீர் ஊற்றுகிறது. ரெஜினா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “அக்கா, இது இன்னா, காசெட்டா கருவாடா?” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள் டைப்ரைட்டர் கழற்றுகிற திருப்புளியை எடுத்துவந்து இரண்டையும் பிரித்து, உள்ளே இருக்கும் கறுப்பு நாடாவை ஃபேனுக்குக் கீழே காயப்போட்டாள். மறுநாள் மாலை வரச் சொன்னாள். நானும் உன் அண்ணனும் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு போனோம்.

முதல் காசெட் ஓடியது. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை ரெஜினா எங்களுக்குப் படித்துச் சொன்னாள். சார் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, “வாசனையோட படம் பாக்குறது இதான் மொத தபா” என்றார். படத்தில் எல்லோருக்கும் கண் ஒவ்வொன்றும் ஒரு கிழங்கா மீன் அளவு. ஆனால் லாசரு, அந்தப் புயலை வரைந்தவன் கடலில் ஒரு தடவையாவது வாந்தி எடுத்தவன்தான். உன் அண்ணன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். புயலில் அண்ணனைத் தொலைத்த பெண் ஒருத்தி, தனியாகப் படகை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறாள். பனி மூட்டம். எதிரில் கை நீட்டினால் கை தெரியாது. உள்ளேயிருந்து அண்ணன் அடிக்கும் சீட்டி மட்டும் கேட்கிறது. அவள் துடுப்பை நிறுத்திக் கேட்கிறாள். அத்தோடு காசெட் முடிந்துவிட்டது. பார்த்தால் சார் பேப்பர் மடியில் கிடக்கிறது.

இரண்டாவதைப் போட்டோம். படமே வரவில்லை, திரை முழுக்கப் புள்ளி மழைதான் பெய்தது. ஐஸ் அதைத்தான் தின்றிருக்கிறது.

ரெஜினா கேட்டாள்: “அக்கா, அந்த ரெண்டாவது மட்டும் வாங்கணும்னா எவ்ளோ?”

“அதே முப்பத்தஞ்சு டாலர்தாம்மா.”

“அப்போ காசு சேத்து மொத காசெட் வாங்கினவன், அடுத்ததுக்கு காசு இல்லன்னா இப்டியே பனிக்குள்ள நிக்கணுமா? கோர்ட்ல தீர்ப்ப முழுசா அடிக்காம ஒரு நாளும் நான் மிஷின்லேர்ந்து பேப்பர உருவினதில்ல. பாதில வுடுறதுக்கு எனக்கு மனசே வராது. யாரு போட்ட வெல இது?”

உன் பெயரைப் பெருமையாகச் சொல்வது எனக்கு வழக்கம். இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்: “நம்ம லாசருதான்.”

“அப்போ அவரையே கேளுங்க. வேற காசெட் அனுப்ப வேணாம்னு சொல்லுங்க. பதில் வந்தா போதும்.”

சார் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, மஸ்கட்காரர்கள் ஈஸ்டருக்கு மறுவாரம் வருகிறார்கள் என்றார். கணக்கெல்லாம் எனக்கு எழுதாதே, எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ஒரு பதில் எழுது. ஐஸ் வைத்ததற்கு என்னைத் திட்ட வேண்டுமானால் தனித் தாளில் திட்டு. அவளிடம் காட்ட வேண்டியிருக்கும்.

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது உண்மைதான்.

தேசம்மா அண்ணி


சான் ஹோசே
10.4.1996

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களைத் திட்ட எனக்கு ஏது வாய்? சூடு ஆகாது என்று எழுதினேன், ஈரம் ஆகாது என்று எழுதவில்லை. ஐஸ் விஷயத்தை ஆபீசில் சொன்னேன். எங்கள் முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்து ரெஜினா கேட்டதைச் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை.

எங்களிடம் எந்தப் படத்தை எடுத்தாலும், முதல் காசெட் விற்றதில் பாதிதான் இரண்டாவது விற்றிருக்கும். வாங்காமல் விட்டவர்களுக்குக் கதை பிடிக்கவில்லை என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். பிடித்திருந்தும் காசில்லாமல் பனிக்குள் நின்றவர்களும் அதில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்டி வந்த பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். பாதிப் பேர் விலையைத் திட்டவில்லை அண்ணி. “அப்புறம் என்ன ஆயிற்று என்றாவது சொல்லுங்கள்” என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

முதல் காசெட்டின் அட்டையில் ஒரு மூலையை வெட்டி அனுப்புகிறவர்களுக்கு இரண்டாவது பாதி விலை என்று எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் நல்லவர், ஆனால் வியாபாரி. ஜப்பான்காரர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பணம் இதனால் குறையாது, அதனால் நஷ்டம் வந்தால் முழுதும் எங்களுக்கே. இரண்டு நாள் வாதம் நடந்தது. கடைசியில், நீங்கள் பார்த்த அந்தக் கடல் கதைக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்றார். ஆகஸ்ட் வரை பார்ப்பாராம். கையைக் கடித்தால் என் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

இதை மறைக்காமல் ரெஜினாவிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். மஸ்கட்டில் இருப்பவருக்கு நிலையான வேலை. எனக்கு ஆகஸ்டுக்கு அப்புறம் என்ன என்று தெரியாது. அவர்கள் அந்தப் பக்கம் முடிவு செய்தால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. இங்கே நான் போட்ட விலைகளில், என் பெயரை நீங்கள் சத்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது இது ஒன்றுதான்.

படத்தின் முடிவை அவளுக்காக மட்டும் எழுதி அனுப்பட்டுமா?

லாசர்


பட்டினப்பாக்கம்
29.4.1996

வேலையைப் பந்தயம் கட்டிய என் கொழுந்தனாருக்கு,

உன் கடிதத்தை முதலில் உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “பைத்தியக்காரன், நம்ம வூட்டு ரத்தம்” என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி நடக்கும்போது மனிதர் நடையைப் பார்க்க வேண்டும், பிஷப்பாண்டவர் நடை.

சார் வீட்டுக்குக் கூடை இல்லாமல் போனேன். மஸ்கட்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள். ஆகஸ்ட் விஷயத்தை விழுங்காமல் ஒரு வரி விடாமல் படித்தேன். எனக்குத் தடுக்கிய இடத்தில் ரெஜினாவே எடுத்துச் சொன்னாள்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். “நல்ல புள்ளதான். சிரிச்சது என் தப்பு. ஆனா ஆகஸ்ட் வரைக்கும் பாப்போமே.”

“எதுக்குப்பா ஆகஸ்ட்?” என்றாள் ரெஜினா.

“முடிவு தெரியட்டும்மா. நீதான் முடிவு தெரியாம எதையும் வுட மாட்டியே.”

“இதுக்கு வேணாம்ப்பா. நான் கேட்டதுக்கு பதில் வந்துடுச்சி.”

சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் மஸ்கட்காரர்களின் ஜாதகம் மாதிரி நீளமாக இருந்த பயோடேட்டாவை எடுத்து மடித்து என் கையில் கொடுத்து, “இத எப்டி திருப்பித் தர்றதுன்னு நீயே சொல்லு தேசம்மா” என்றார். இப்போதைக்கு ஒரு கிலோ வஞ்சிரத்தோடு கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். மனக்கசப்பு வராது.

படத்தின் முடிவை நீ எழுதக் கூடாதாம். அது மட்டும் அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமாம், ஆனால் தபாலில் வேண்டாமாம். இரண்டாவது காசெட்டை நீயே கையில் கொண்டுவர வேண்டுமாம். ஆகஸ்டில் ஜெயித்தால் லீவு போட்டுக்கொண்டு வா, தோற்றால் பெட்டியோடு வா. எப்படி வந்தாலும் காசெட் வர வேண்டும். முதல் காசெட்டின் அட்டை மூலையை இப்போதே வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். இதோடு வைத்திருக்கிறேன். மீன் வாசனை அடித்தால் மன்னித்துக்கொள். அவளுக்கும் பாதி விலைதான், ஓசி வேண்டாம் என்கிறாள். பாதியையும் வாங்கிவிடு, கறாரான பெண்.

நேற்று மார்க்கெட்டில் சரோஜாதேவி மறுபடியும் வாயைக் கிளறினாள். “இன்னாடி, உன் கொயுந்தன் இன்னும் பொம்மைக்கு வெல போட்டுக்கினுதான் கீறானா?”

“இல்லடி” என்றேன், மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி. “வெல கொறைக்கிறான். உன்னால முடியுமா?”

அவள் தன் கூடையைப் பார்த்தாள். நானும் என் கூடையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேராலும் முடியாது லாசரு.

அமெரிக்காவில் விலை குறைத்தவனின் அண்ணி,
தேசம்மா

வரும்போது காசெட்டை நீயே வைத்துக்கொள். என்னிடம் கொடுக்காதே.