பின்னறைக்குப் புதுக் கிராதி

சேசு மரி சூசை துணை

ரயில்வே குவாட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
ஆகஸ்ட் 1934

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா கபிரியேல் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் லெஸ்லியும் சுகம்தானா, வயிற்றில் இருப்பது எப்படி உதைக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. உன் கடிதம் வந்தது. இரண்டாவது பிரசவத்தை அங்கே ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம், கோபம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாதியிலேயே அரிசி புடைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். அரிசி முந்தின நாளே புடைத்தாயிற்று.

காரணத்தை நீ எழுதவில்லை, எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியாதா. லெஸ்லி பிறந்த வாரத்தில் பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று அம்மா பின்னறை ஜன்னலைச் சாத்தி, சுவர் மேலே காற்றுப் போக இருந்த வென்டிலேட்டரிலும் பழைய சேலையைச் சுருட்டி அடைத்து, கட்டிலுக்குக் கீழே கரிச்சட்டி வைத்தாள். அவளுக்கு அவள் தாயார் செய்ததைத்தான் உனக்குச் செய்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட மருத்துவச்சி இராஜம்மா வந்து கதவைத் தள்ளியபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய், பிள்ளை துணி போலத் தொங்கிற்று. உங்கள் இருவரையும் வராந்தாவுக்குத் தூக்கி வந்து காற்றுப் பட்ட பிறகுதான் உயிர் திரும்பியது. பூட்டிய அறையில் கரிப்புகை விஷம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரண்டும் இல்லை என்று டாக்டர் சொன்னது உன் காதில் விழுந்ததோ இல்லையோ, அம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் யாரையும் அவள் படுக்க விட்டதில்லை.

உன் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அந்த வென்டிலேட்டர் கிராதியைக் கழற்றுங்கள் என்றாள். முக்காலி போட்டு ஏறிப் பிடுங்கினேன். வருஷா வருஷம் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்து அடித்துச் சந்தெல்லாம் மூடி, மிச்ச மரத்தைக் கரையான் தின்றிருந்தது. சேலை இல்லாமலே அது பாதி அடைபட்டுத்தான் இருந்திருக்கிறது மகளே. அப்புறம் கிள்ளானுக்கு டூட்டி போனபோது, ரயில் திரும்ப நேரம் இருந்ததால், ஸ்டேஷன் பக்கத்துச் சீனர் இரும்புக் கடையில் ஒரு வார்ப்பிரும்புக் கிராதி வாங்கி வந்தேன், திராட்சைக் கொடி, இலை, குலை எல்லாம் வைத்து அவ்வளவு அழகு. அழகைக் கண்டால் விடமாட்டேன், அப்படித்தானே உன் அம்மாவைக் கட்டினேன் (இதையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது). வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஓட்டைக்குள் போகவில்லை. நான் ஓட்டையைச் சுற்றிச் சுவர்மேல் படிந்திருந்த பழைய சட்டத்தின் வெளி ஓரத்தை அளந்துகொண்டு போயிருக்கிறேன், சுவரின் ஓட்டையை அளக்கவில்லை. இத்தனை வருஷம் ரயில் கார்டு வேலை பார்த்த மனுஷனுக்கு ஓட்டைக்கும் சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று உன் அம்மா சிரித்தாள், உன் கடிதம் வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்து முடித்துச் சாம்பிராணி போட்டு அந்தக் கிராதிக்கு நேரே காட்டினாள், புகை இலையிலும் குலையிலும் முட்டி எங்கள் முகத்துக்கே திரும்பியது. இலைதான் நிறைய, சந்து இல்லை.

மறுமுறை கிள்ளானுக்கு அவளே கூட வந்தாள், தூபக்காலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு. கடைக்குள் சாம்பிராணியைப் புகைய விட்டதும் கடை முதலாளி தவுக்கே ஏதோ பூசை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒவ்வொரு கிராதியாகத் தூக்கச் சொல்லிப் புகை போகிற வழியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில் இனி தா போலே, இனி தா போலே, இது ஆகாது இது ஆகாது என்று தள்ளிக்கொண்டே போனாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கடைசியில் எடுத்தது பூவும் இல்லாத கொடியும் இல்லாத மரக் கிராதி, அகலச் சந்து, மழைச்சாரல் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சாய்ந்த பலகைகள். அதே மாதிரி இன்னொன்று கதவோரம் சுவரின் அடியில் வைக்கவும் வேண்டும் என்றாள். எதற்கு என்றேன். வெளியே போக மட்டும் வழி விட்டால் உள்ளே எது வரும் என்று கேட்டாள், இரண்டுக்குமாகப் பணத்தை எண்ணி வைத்தேன்.

கொத்தனார் சபாபதி வந்து இரண்டையும் பதித்து, எலி புகாமல் பின்னால் வலையும் அடித்துவிட்டுப் போனார். நேற்று மத்தியானம் அம்மா கரிச்சட்டியைப் பற்றவைத்து, நான் எவ்வளவு தடுத்தும் கேளாமல், அந்த அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் மட்டும் போடாதே என்று கெஞ்சினேன். வெளியே நின்று வெரோனிகா, வெரோனிகா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், உள்ளேயிருந்து உம், உம் என்று பதில் வந்தது, ஒரு உம் தாமதித்தாலும் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. வெளியே வந்தாள், தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, புகையெல்லாம் மேலே போய்விட்டது. அறை தயார் என்று பிள்ளைக்கு எழுதட்டுமா என்றேன். அவள் சட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய் அணைத்துவிட்டு, கிராதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தச் சட்டி இனி அந்த அறைக்குள் போகாது என்றாள். பிறகு உட்கார்ந்து, நீங்கள் கூப்பிடக் கூப்பிட நான் பதில் சொன்னேன், அன்றைக்கு என் பிள்ளை உள்ளேயிருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டாள், உடம்புக்குச் சூடு நல்லது, பேசாமல் படு என்று நான் வெளியே இருந்தே சொல்லிவிட்டேன் என்று அழுதாள். நானும் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அதனால் வா என்று உத்தரவு போடவில்லை. பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்றால் அதுதான் நல்லது, எங்களுக்கும் அதுவே சம்மதம். அதற்குப் பிறகு இங்கே வந்து படுத்திருக்க மனம் இருந்தால் வா, மனம் இல்லாவிட்டால் அம்மா அங்கே வருவாள், அதுவும் வேண்டாம் என்றால் கூச்சப்படாமல் எழுது, தாங்கிக்கொள்வோம். வெயிலில் நடக்காதே, லெஸ்லியை இடுப்பில் தூக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். தேவமாதா உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பத்திரமாகப் பிரித்துத் தருவாளாக.

ஒன்றை மறக்காமல் எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். நீ இங்கே வந்தாலும் சரி, அவள் அங்கே வந்தாலும் சரி, உன்னைக் கேட்காமல் ஒரு ஜன்னலையும் சாத்தமாட்டாளாம்.

இப்படிக்கு
உன் பதிலை எதிர்பார்த்திருக்கும் அப்பா
அ. கபிரியேல்