கண்டிக்கு வந்த அலுமாரித் திறப்பு

கண்டி
ஆடி, 1963

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோவும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி?

அலுமாரியைப் பூட்டிய திறப்பை நான் கையோடு கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருந்தீர். உண்மைதான். அது எங்கள் கந்தோரில் மேலதிகாரிகளுக்கு மட்டுமான கக்கூஸையும் திறக்கிறது. எங்களைப் போன்ற கிளாக்கர்மாருக்குப் பின்வளவில் இருக்கிற கக்கூஸ்தான். பதவி உயர்ந்தால் வயிறும் வேறு சாதியாகிவிடும் போலும்.

தினமும் உள்ளே போய், அவர்களுடைய வாசனைச் சவர்க்காரத்தில் கைகழுவி, அவர்களுடைய கண்ணாடியில் ஆறுதலாகத் தலைவாரிக்கொண்டு வருகிறேன். நேற்று வெளியே வரும்போது தலைமைக் கிளாக்கர் சுந்தரலிங்கம் வாசலில் நின்றார். அந்தக் கதவின் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற காவல் தெய்வம் அவர்.

"ஆர் ஐசே உம்மை உள்ளுக்கு விட்டது?"

"திறந்து கிடந்தது, ஐயா."

இன்று காலை முழுக்கப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். அந்த மனுசன் வேலை செய்து நான் கண்டது இதுதான் முதல் தடவை.

தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கட்ட உமது பட்டுச்சேலை அலுமாரிக்குள் இருப்பது தெரியும். தச்சனைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றும். கொஞ்சம் எள்ளுப்பாகு அனுப்பும். நிறைய வேண்டாம், பங்கு கேட்க இங்கே ஆளில்லை.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. திறப்பை மட்டும் கேட்க வேண்டாம். இந்த ஊரில் என்னை உள்ளே விடுகிற கதவு அது ஒன்றுதான்.

உமது,
திருச்செல்வம்