உன் சோழர்களும் என் பாண்டியர்களும்

மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைத் துணி எடுக்கலாமென்று நேற்று மலைக்கோட்டைப் பக்கம் போனேன். கடைத்தெரு நெரிசலுக்குப் பயந்து பின்பக்கச் சந்தில் திரும்பியபோது, வளையல் கடையை ஒட்டிய ஓர் இருட்டறையிலிருந்து அந்த வாசனை வந்தது. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. பைண்டர் கடை. கால் தானாக நின்றுவிட்டது.

"என்னம்மா, பைண்டு பண்ணணுங்களா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"இல்லைங்க" என்றேன். துணி எடுக்காமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. எழுதத்தான் முடியும், எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கன்டோன்மென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, நீ ஜன்னலோர மேஜையில் கிளார்க்காக இருந்தாய். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். நீ வாரப் பத்திரிகையைத் திறப்பாய். தயிர்சாதம் காய்ந்துகொண்டிருக்கும். எட்டிப் பார்த்தேன். நான் வீட்டில் படித்துவிட்டு வந்த அதே சரித்திரத் தொடர்கதை. "அந்த ஒற்றன் சாகமாட்டான், பாருங்க" என்றேன், வாய் சும்மா இருக்காமல். நீ நிமிர்ந்து என்னைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்தாய். "நான் இன்னும் அந்த இடத்துக்கு வரலை" என்றாய். உன்னோடு நான் பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் நீயே என் மேஜைக்கு வந்தாய். "செத்துட்டான்னு நினைச்சேன்டி. நீ சொன்னதுதான் சரி." ஒரே நாளில் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

நீ ஸ்ரீரங்கத்துக்காரி, உத்தர வீதி, பெருமாள் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்கிற மிதப்பு. நான் புத்தூர் கிறிஸ்தவப் பெண், அம்மாவுக்குப் பிறந்த ஊர் மதுரை. அதனால் நீ சோழன் கட்சி, நான் பாண்டியன் கட்சி. சண்டை போடுவதற்கு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ராஜாக்கள் நமக்கு வேண்டியிருந்தார்கள்.

"உங்க பாண்டியாளுக்கு ஒளியத் தெரியும், ஓடத் தெரியும். ஜெயிக்கத் தெரியாது."

"உங்க கோயிலுக்குப் பொன் வேய்ஞ்சது யாருன்னு கேட்டுட்டு வா. எங்க பாண்டியன்டி!"

அன்றைக்கு முழுக்க நீ என்னோடு பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "அவன் ஒருத்தன் நல்லவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

ஒரு பத்திரிகையை நீ வாங்கினாய், இன்னொன்றை நான். மாற்றிக்கொண்டோம். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, அந்தச் சந்துக்குக் கொண்டுபோவோம். ஓவியம் இருக்கும் பக்கத்தில் தையல் விழக்கூடாது என்று பைண்டரை நீ படுத்திய பாடு! அரசன் சிறைப்படும் பக்கத்தின் முதுகில் வடுமாங்காய்க் குறிப்பு இருக்கும். அதையும் வெட்டவிட மாட்டாய். சோழர் கதைகளுக்குச் சிவப்புக் காலிகோத் துணி அட்டை, பாண்டியர் கதைகளுக்குப் பச்சை. உன் சிவப்புப் புத்தகங்களை என் வீட்டிலும், என் பச்சைப் புத்தகங்களை உன் வீட்டிலும் வைக்க வேண்டும் என்பது உன் ஏற்பாடு. "பிணைக்கைதிடி. அப்போதான் சண்டை எல்லை மீறாது."

வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா என்று எழுதப் போனேன். என்ன கேள்வி இது. விடிவதற்குள் புத்தூரில் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. கைக்குக் கிடைத்ததோடு எதிர் வீட்டு மாடிக்கு ஓடினோம். தண்ணீர் வடிந்து, சேற்றில் கால் புதையப் புதைய நாங்கள் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் நீ வந்தாய். பஸ் ஓடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாய், கையில் புளியோதரைத் தூக்கும் இரண்டு புடவையுமாக. எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னாய். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானேதான் காட்டினேன். உன் சிவப்புப் புத்தகங்கள் ஊறிய ரொட்டிபோல் உப்பிக் கிடந்தன. சாயம் ஓடித் தரையெல்லாம் சிவப்பு. நீ தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தாய். கட்டியாக வந்தது.

"எங்க ராஜா முழுகிட்டான்டி" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு எழுந்தாய். "சீ, எதுக்கு அழறே? கதை எங்கே போகும்? நான் இருக்கேனோல்லியோ."

நீ இருந்தாய். அதற்குப் பிறகு நாங்கள் சிந்தாமணிக்கு வீடு மாறினோம். இரண்டு பேருக்கும் ஒண்ணாம் நம்பர் பஸ்தான். ஆபீஸ் விட்டு ஏறி உட்கார்ந்ததும் முழுகிப்போன கதைகளை முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லத் தொடங்கினாய். வர்ணனை, வசனம், அத்தியாயம் எந்த இடத்தில் முடியும் என்பதுவரை அப்படியே வரும். காந்தி மார்க்கெட்டில் காலிக் கூடையோடு ஏறும் ஓர் அம்மா நமக்குப் பின் சீட்டைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் நீ வராதபோது என்னைக் கேட்டாள்: "ஏம்மா, அந்தக் கோட்டைக்காரன் பொண்ணைக் கட்டிக்கிட்டானா இல்லையா? உனக்காவது தெரியுமா?" எத்தனையோ நாள் சிந்தாமணியில் இறங்க மறந்து, காவேரிப் பாலத்தைத் தாண்டிவிட்டு, எதிர் பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன்.

என் முதல் குழந்தை தங்காமல் போனபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்குக் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை, கல்லாகக் கிடந்தேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு ராணியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். அவள் அவனுடைய சின்ன வயதுச் சதங்கையை எடுத்துப் பார்க்கும் இடம் வந்ததும் நான் உடைந்தேன். நீ நிறுத்தவில்லை. நான் அழுது முடிக்கும்வரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்த ராணி எந்தத் தொடரில் வருகிறாள் என்று பிறகு தேடினேன். எதிலும் வரவில்லை.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம். பஸ்ஸில் முற்றுகைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். கோட்டைக்குள்ளிருந்து சோழ இளவரசியின் ஓலையைப் பாண்டியத் தூதன் கொண்டு வருகிறான் என்றாய். நான் சிரித்தேன். "கடைசியில என் கட்சிக்கே வந்துட்டியா? அந்தத் தூதன் வேற கதைடி."

நீ சிரிக்கவில்லை. "வேற கதையா?" என்று என் முகத்தையே பார்த்தாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஸ்ரீரங்கம்வரை பேசவே இல்லை என்று மறுநாள் அந்தக் கூடைக்கார அம்மா சொன்னாள்.

பிறகுதான் தலைவலி. கண்ணாடி மாற்றினார்கள், கஷாயம் கொடுத்தார்கள். ஒருநாள் மேஜையிலேயே மயங்கி விழுந்தாய். உன் அண்ணா மதராசுக்கு அழைத்துப் போனார். மூளையில் கட்டி. திறந்து பார்த்து, எடுக்க முடிந்ததை எடுத்தோம், மிச்சத்தில் கை வைக்க முடியாது என்று சொல்லித் தைத்து அனுப்பிவிட்டார்கள். தலை மழிக்கப்பட்டு, அதன்மேல் உன் மன்னியின் பழைய புடவைத் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ ஊருக்கு வந்தாய். நான் கொண்டுவந்த பத்திரிகையை விரித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய்.

"எழுத்தெல்லாம் எறும்பா ஊர்றதுடி, ஸ்டெல்லா."

"நான் படிக்கிறேன். நீ கேளு."

ஆபீஸ் விட்டு நேரே உன் வீட்டுக்கு வருவேன். ஆரம்ப நாட்களில் எனக்கு வாசல் ரேழியிலேயே காபி தந்து அனுப்பிய உன் அம்மா, எனக்கு மாமி, இப்போது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். உன் அலமாரியில் இருந்த என் பச்சைப் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. வரிக்கு வரி தெரிந்தவள், ஒன்றுமே தெரியாதவள்போல் கேட்டாய். "அப்புறம்?" என்றாய். எனக்குக் கதை சொன்னவள் என்னைப் பார்த்து "அப்புறம்?" என்று கேட்டபோது, உன்னைப் பார்க்க முடியாமல் பக்கத்தைப் புரட்டினேன். ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டேன்: இரண்டாம் தடவையும் முதல் தடவையாகப் படிக்க யாருக்குக் கிடைக்கும்?

அந்தத் தேறுதலும் நிலைக்கவில்லை. மதில் முற்றுகை அத்தியாயத்தில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். "வாசக் கதவு தெறந்திருக்கா?"

"எதுக்குடி?"

"அவா ஏணி போட்டு ஏறிண்டிருக்கா. அண்ணாகிட்ட சொல்லு. சீக்கிரம் சொல்லு!"

கதைடி, இது கதை என்று எத்தனை தரம் சொன்னேன். கதை என்ற சொல்லே உனக்கு விளங்கவில்லை. கண்ணில் அப்படியொரு பயம். நம் ஆயுசு முழுக்க எவ்வளவு ரத்தத்தை, எத்தனை துரோகத்தை மிட்டாய்போல் சுவைத்திருக்கிறோம். அத்தனையும் உண்மையாகி உன்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்தாள். "தப்பா எடுத்துக்காதேம்மா. நீ போனதுக்கப்புறம் நடுங்கி நடுங்கி அழறா. இனிமே கதை வேண்டாம்."

"சரிங்க மாமி" என்றேன்.

வருவதை நிறுத்தவில்லை. ஆனால் வந்து என்ன பேசுவது? இத்தனை வருஷத்தில் நம் சந்தோஷம், கோபம், என் குழந்தைத் துக்கம் எல்லாவற்றையும் ஏதோ ஒரு ராஜாவையும் ராணியையும் வைத்தே பேசியிருக்கிறோம். அவர்களை எடுத்துவிட்டால் நமக்குள் ஒரு பாஷையும் மிச்சமில்லை. பஸ்ஸில் கூட்டம், மழை வரும்போலிருக்கிறது என்பேன். நீ விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். உனக்குச் சொல்ல ஒரு ராணியை என்னாலும் கட்டியெழுப்ப முடியுமா என்று முயன்றேன். எனக்கு அது வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவேன்.

தை பிறந்து சில நாளில் நீ போய்விட்டாய். ஆபீசுக்கு உன் அண்ணாவிடமிருந்து போன் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கழுவிவிட்ட கூடத்தில் ஈரம் காயாமல் இருந்தது.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இப்போது ஒரு சரித்திரத் தொடரைப் பற்றிப் பேசுகிறார்கள். "அக்கா, நல்லா இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று ஒருத்தி பத்திரிகையைக் கொடுத்தாள். படத்தைப் பார்த்தேன். குதிரை, வாள், பந்தம். நாலு வரி படித்தேன். பாண்டியன் ஜெயித்துக்கொண்டிருந்தான். யாரிடம் போய்ச் சொல்ல? மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகளுக்காவது உன் கதைகளைச் சொல்லலாமென்று பார்த்தால், பாதியில் வழி அடைத்துக்கொள்கிறது. ஒற்றன் மதிலைத் தாண்டுகிறான். அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கதை எங்கே போகும் என்று கேட்டாயே. போய்விட்டது. எல்லாம் உன்னோடு போய்விட்டது. தெருவில் உன் வயதுப் பெண் யாராவது தலை நரைத்துப் போவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கோயிலில் முழங்காலிட்டால் ஜெபம் வருவதில்லை. ஏன் என்று மட்டும் கேட்கிறேன்.

கடைசியாக உன்னைப் பார்த்த சாயங்காலம் மட்டும் என்னை விடமாட்டேனென்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே திரண்டிருந்தது. பாலத்திலிருந்தே பஸ் நகரவில்லை. இறங்கி நடந்து வந்தேன். உத்தர வீதியில் தலைக்கு மேல் தலை, "ரங்கா, ரங்கா" என்று ஒரே முழக்கம். மாமி சமையலறையில் விருந்தாளிகளோடு இருந்தாள். உன் அறையில் நீ கட்டிலை விட்டு இறங்கி, சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தாய். வெளியே கேட்டது உன் பெருமாளின் பெயர். உனக்கு அது படையின் இரைச்சல்.

என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "அவா வந்துட்டா. கதவை விடாதே" என்றாய்.

இந்தத் தடவை கதை என்று நான் சொல்லவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தரையில் உட்கார்ந்தேன். கூட்டம் தெருவில் நெருக்கியடித்துப் போகப் போக, அந்தப் பழைய கதவு என் முதுகில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். மெல்ல மெல்ல உன் தோள் தளர்ந்தது.

"அவாள்ளாம் போயிட்டாளா?"

வெளியே முழக்கம் ஓயவில்லை. "போயிட்டாங்க" என்றேன். "எல்லாரும் போயிட்டாங்க. நீ தூங்கு."

நீ நம்பினாய். சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாய். உனக்குள்ளே வந்துவிட்ட ஒன்றை விட்டுவிட்டு, வாசலை நான் காத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்தினால் உடனே நகர முடிவதில்லை. கொஞ்ச நேரம் அதில் முதுகைக் கொடுத்து நிற்கிறேன். "வெளியில யாரும்மா?" என்று மகள் கேட்பாள்.

"யாருமில்ல" என்பேன்.

உண்மையாகவே யாருமில்லை.