மாமா வாழ்ந்த கனடா ஊர்

என் அன்பு அப்பா,

நீங்கள் கண்மூடிய பிறகு வரும் இரண்டாவது மே மாதம் இது. ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம். இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க்கில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணைவதே இல்லை. வன்னியில் உறவுகளைத் தவறவிட்டவர்கள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுகிறார்கள். எல்லோருக்கும் ஆறுதல் சொன்ன அம்மா, போன கிழமை என்னிடம் வந்தார்.

“பிள்ளை, கனடாவிலை இருக்கிற மாமான்ர நம்பரை ஒருக்கால் தேடிப் பார். அவன் அப்பாவோடை மட்டுந்தானே கதைக்கிறவன்.”

மாமாவின் அந்தக் கனடா ஊரை எனக்கு நன்றாகத் தெரியும், இல்லையா? அம்மாவின் தம்பி உங்கள் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தான் என்று, வேலையால் வந்து நீங்கள் அந்த ஊர்க்கதையைச் சொல்லச் சொல்ல வளர்ந்தவள் நான். சமவெளியில் ரயில் வந்ததால் முளைத்த ஊர். கோதுமையைச் சேர்த்து வைத்து ரயிலில் ஏற்ற ஐந்து மரக் கோபுரங்கள். ஒரு வங்கி, ஒரு கொல்லன் பட்டறை, சீனர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. பிறகு லொறிகள் வந்தன. பெரிய பண்ணைகள் சின்னப் பண்ணைகளை வாங்கின. குடும்பங்கள் வெளியேற, ரயில் நின்றது, பள்ளிக்கூடமும் பூட்டுப்பட்டது. எஞ்சிய ஒரே கடையில் மாமா வேலை செய்தார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, “கடைசிக் கோபுரத்தையும் இடிச்சுப் போட்டாங்களாம். உன்ர மாமா ரோட்டிலை நிண்டு பாத்தவனாம்” என்றீர்கள்.

நம்பரைத் தேடி, நிலவறையில் இருந்த உங்கள் பெட்டியைத் திறந்தேன். நம்பர் இல்லை. ஒரு டேனிஷ் புத்தகம் இருந்தது. இங்கிருந்து கனடா போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதியது. பழைய சாமான் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ரயில், கோபுரங்கள், சீனர் கடை, எல்லாம் நீங்கள் சொன்ன அதே ஒழுங்கில். கடைசிக் கோபுரம் விழும் படமும் உண்டு. படத்தின் கீழுள்ள ஆண்டில் நான் பிறந்திருக்கவே இல்லை.

புத்தகத்தின் அடியில், மாமாவுக்கென்று அம்மா பின்னிய நீலச் சுவெற்றர். தபாலில் அனுப்பிவிட்டேன் என்றீர்களே?

யோசித்துப் பார்க்கிறேன். ஊரின் சரித்திரம் முழுக்கச் சொன்னீர்கள். மாமாவுக்கு ஒரு தடிமன், காய்ச்சல் வந்ததாகக்கூடச் சொல்லவில்லை. அவர் எங்கள் ஊரான வன்னியை விட்டு வெளிக்கிடவே இல்லையா? அது தெரிந்து மறைத்தீர்களா, அல்லது எங்கே என்று தெரியாததால் அவருக்கு ஓர் ஊரைத் தேடிக் கொடுத்தீர்களா? இப்போது உங்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் “நோகேல்லை பிள்ளை” என்றீர்களே, அதையும்.

மறுநாள் சுவெற்றரைக் குசினி மேசையில் வைத்தேன். அம்மா அதை மணந்து பார்த்தார்.

“உன்ர அப்பா பொய் சொன்னாக் காது சிவக்கும். எனக்குத் தெரியாதே?”

“அப்ப ஏனம்மா கேக்கேல்லை?”

“கேட்டா உண்மையைச் சொல்லிப் போடுவார்.”

“பிறகேன் என்னை நம்பர் தேடச் சொன்னனீங்கள்?”

“சண்டை முடிஞ்சுதெல்லே. இனிக் கேக்கத்தானே வேணும்.”

காணாமற்போனவர்களைத் தேடும் படிவம் ஒன்று இப்போது சுவெற்றருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மாமாவின் பெயரையும் வயதையும் அம்மா எழுதிவிட்டார். கடைசியாக இருந்த இடம் என்ற வரியை எனக்கு விட்டிருக்கிறார். அதில் அந்தக் கனடா ஊரை எழுத மாட்டேன், அப்பா. என்ன பதில் வந்தாலும், அதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் காதுகளோடு பிறந்த
மகள்