மலைப் பக்கத்துச் சின்ன கேட்

திருவண்ணாமலை,
10.10.2002.

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா ஆதிமூலம் சொல்லி எழுதும் கடிதம். அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கவிநிலாவும் அந்தமானில் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்கிற சேதி வந்தால் போதும், எனக்கு வேறு மருந்து வேண்டாம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. பேத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறதே, உனக்கும் அதே வயதில் அதே பல்தான் விழுந்தது, ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மல்லாட்டைக் கடலையைப் பல்லால் உடைக்காதே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. இதை எழுதுவது பக்கத்து வீட்டுச் சந்திரகலா. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறாள், திருத்தினாலும் ஒன்றையும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா ஓசூரில் உன் தம்பி வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தம்பி பெண்டாட்டி வேலைக்குப் போகிறாள், கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மாவால் எப்படிக் கிளம்ப முடியும். அந்த ஒற்றை அறையில் நானும் போய்ப் படுத்தால் அவர்கள் கால் நீட்ட இடம் இருக்காது, அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். காலையில் ஒரு தரம் சோறு வடித்தால் இரண்டு வேளைக்கு வருகிறது. பகல் எப்படியோ போய்விடும். சாயந்திரம் ஐந்து மணியானால்தான் வீடு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நேரத்துக்குப் பின்கதவைத் திறந்து பின்பக்கச் சந்து தாண்டி நகராட்சிப் பூங்காவுக்குப் போய்விடுவேன். நீ பள்ளிக்கூடம் விட்டு ஊஞ்சலுக்கு ஓடுவாயே, அதே மலைப் பக்கத்துச் சின்ன கேட், நாற்பது அடிதான். பெரிய கேட் எதிர்ப்புறம் பஸ் ரோட்டில் இருக்கிறது, முட்டிவலியோடு அவ்வளவு தூரம் சுற்ற முடியாது, அந்தப் பக்கம் நான் போவதில்லை. உள்ளே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் ரிட்டையர் ஆன போஸ்ட்மேன் இருசப்பன் வருவான். ரோட்டுக்கு முதல் தார் போட்டது எந்த வருஷம் என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவோம். "யோவ், உனக்கு எழுதத் தெரியாததாலதான் இவ்ளோ ஞாபகம் இருக்குது. தெரிஞ்சிருந்தா எழுதி வெச்சிட்டு மறந்திருப்ப" என்பான். ஏழு மணிக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்தால் ஒரு நாள் கழிந்த கணக்கு.

ஆவணி மாதத்தில் நம் வார்டு மெம்பர் பரசுராமன் வீடு வீடாக வந்து ஒரு சேதி சொன்னார். ஊரில் இருக்கிற பூங்காக்களை எல்லாம் சீர்செய்யப் போகிறார்களாம். இன்னும் பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு பூங்காவும் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தந்தத் தெரு ஜனங்களையே கேட்டுத்தான் செய்வார்களாம். என் வயதுக்கு இந்த ஊரில் எத்தனையோ இடித்தார்கள், எத்தனையோ கட்டினார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாவும் கண்ணாடி போட்ட ஒருவரும் வந்திருந்தார்கள். பூங்கா நடுவில் தரையைப் பெருக்கி, கோலமாவால் பூங்காவையே பெரிய படமாக வரைந்திருந்தார்கள். மரத்துக்கு வட்டம், பெஞ்சுக்குக் கோடு, ஊஞ்சல், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்து, எது வேண்டுமோ அதன்மேல் வையுங்கள் என்றார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. அந்த மெட்ராஸ் அம்மா, "தாராளமா உள்ள வாங்க, இது கோலம் இல்ல, மேப்பு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பூக்கட்டி விற்கிற ரேணுகாம்பாள், "கோலமாவுல போட்டா அது கோலந்தாம்மா, மிதிக்கச் சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சுற்றி நின்று வெளியிலிருந்தே கொட்டையைப் போட்டோம். நடுவில் ஒரு குரங்கு இறங்கி ஊஞ்சல்மேல் கிடந்த கொட்டையை அள்ளிக்கொண்டு ஓடியது. பரசுராமன், "உடுங்க, அதுவும் இந்த வார்டுதான்" என்றார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன், அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது மணி.

கடைசியில் கேட் விஷயம் வந்தது. ஒரு வாட்ச்மேன்தான் போட முடியும், அதனால் ஒரு கேட்தான் இருக்கும், இன்னொன்றை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிவிடுவோம், எதை மூடலாமோ அதன்மேல் ஆளுக்கு ஒரே ஒரு கொட்டை வையுங்கள் என்றார்கள். எனக்கு அந்தச் சின்ன கேட்தான் வழி. ஆனால் பெண்கள் அதைத்தான் மூட நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சந்தில் ஒயின்ஷாப் வந்ததிலிருந்து குடிகாரன்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறான்கள். ஆடி மாதம் ரேணுகாம்பாள் கையைப் பிடித்து ஒருத்தன் இழுத்துவிட்டான். அன்றிலிருந்து விளக்குப் போட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை பூங்காவுக்குள் வருவதில்லை. இதை வைத்துக்கொண்டு என் முட்டிவலியைப் பற்றி நான் எந்த வாயால் பேசுவது. பேசாமல், பெரிய கேட்டை மூடட்டும் என்று என் கொட்டையை வைத்தேன்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. படத்தில் இரண்டு கேட்டுக்கும் அ, ஆ என்று எழுத்து மட்டும் போட்டு, எது எது என்று ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பலகையைப் பார்த்துக் கொட்டையைப் போட்டுவிட்டு, அன்றைக்கு முகூர்த்தம் என்பதால் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். படிக்காதவர்கள் நாங்கள் மலையைப் பார்த்துப் போட்டோம். நம் ஊரில் யாருக்கு வடக்கு தெற்கு, எல்லாம் மலைப் பக்கம், மலைக்கு எதிர்ப்பக்கம்தானே. படம் வரைந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துத் தலைகீழாக வரைந்துவிட்டார்கள். மலைப் பக்கம் இருக்க வேண்டிய சின்ன கேட் படத்தில் ரோட்டுப் பக்கம் கிடந்தது. பெண்கள் சின்ன கேட் என்று நினைத்துப் போட்ட கொட்டை எல்லாம் பெரிய கேட்மேல் விழுந்தது. நான் பெரிய கேட் என்று வைத்தது சின்ன கேட்மேல் விழுந்தது. கண்ணாடிக்காரர் எண்ணிப் பார்த்து, அ கேட்டை மூடச் சொல்லி நாற்பத்தேழு பேர், ஆ கேட்டை மூடச் சொல்லிப் பத்தொன்பது பேர், அதனால் அ கேட்டை மூடிவிடலாம் என்று படித்தார். தங்கள் குவியல்தான் பெரிது என்று பெண்கள் கை தட்டினார்கள். பலகைப்படி அ என்பது பெரிய கேட்தான், ஆனால் அ என்றால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் வழி போனது என்று நினைத்து எழுந்திருக்க மனம் இல்லாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மரத்தை எண்ணினேன். மலைப் பக்கத்துச் சுவர் ஓரம் மூன்று புங்கமரம், ரோட்டுப் பக்கம் ஐந்து. நட்ட நாளிலிருந்து நான் பார்க்கிற மரங்கள். படத்தில் மலைப் பக்கம் ஐந்து வட்டம் இருந்தது, ரோட்டுப் பக்கம் மூன்று. இரண்டு தரம் எண்ணினேன். மூடப் போவது பெரிய கேட் என்று எனக்கு மட்டும் தெரிந்துபோனது. சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன. நாலு நாள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சின்ன கேட் வழியாகப் போனேன், வந்தேன். ஐந்தாம் நாள் ரேணுகாம்பாள் மல்லாட்டை உருண்டை செய்து கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, எழுத்து தெரியாதவளுங்க கொட்டய வெச்சே ஜெயிச்சிட்டோம் பாருங்க. செவுரு மட்டும் வந்துரட்டும், சாயந்தரத்துல நாங்களும் வந்து காத்தாட உக்காருவோம். நீங்களும் எங்க பக்கந்தான வெச்சீங்க?" என்று கேட்டாள். நான் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன், பதில் சொல்லாமல் இருக்க அது தோதாக இருந்தது. ஆனால் அவள் போன பிறகு மிச்ச உருண்டையைத் தொடாமல் அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் பரசுராமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இன்னா பெருசு, மெட்ராஸ்ல படிச்சவங்க போட்ட மேப்புல நீ தப்பு கண்டுபுடிச்சிட்டியா?" என்று சிரித்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். படத்தை அவர்கள் காகிதத்தில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தரையில் படம் இருந்த வாக்கிலேயே அதைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகத் தொட்டுக் காட்டினேன். ஐந்தாவது மரத்தில் அவருக்குச் சிரிப்பு நின்றது. "நீ கம்முனு இருந்திருந்தா உனக்குத்தான ஜாஸ்தி லாபம், உன் ஊட்டு வாசல் மாதிரி இருந்திருக்குமே" என்றார். அவளுங்க கொட்ட அவளுங்களுக்குத்தான சேரணும் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை படமும் வேண்டாம் கொட்டையும் வேண்டாம், எந்த கேட்டை மூட வேண்டுமோ அந்த கேட்டுக்கே போய் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சின்ன கேட்டுக்குப் போனார்கள். அறுபத்தைந்து பேர். இருசப்பனும் அங்கேதான் போனான், அவனுக்கும் பேத்தி இருக்கிறது. நான் பெரிய கேட்டில் நின்றேன். என் பக்கத்தில் கம்பியில் கட்டியிருந்த ஒரு ஆடு நின்றது. நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. என்னைக் கேட்டார்கள், நான் என் பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான். இருசப்பன் அங்கிருந்து, "யோவ், வழி தப்பி நிக்கிறியா, இந்தாண்ட வா" என்று கத்தினான். இல்ல, இங்கதான் என்று கை காட்டினேன். ரேணுகாம்பாள் மட்டும் சிரிக்காமல் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "ஏன் மாமா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏதாவது யோசிச்சிருப்போமில்ல" என்றாள். அவளே போய் அந்த மெட்ராஸ் அம்மாவிடம், சின்னதாக ஒரு கதவு வைத்து மாமாவிடம் சாவி கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். ஒருத்தருக்குக் கொடுத்தால் சந்தில் இருக்கிற பத்துப் பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முன்பே சுவர் எழுந்துவிட்டது. ஒரு நாள் சுற்றிப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். தெருவைத் தாண்டி பஸ் ரோட்டு வளைவு வரைக்கும் போனேன். கண் ஆபரேஷன் செய்த பக்கம் வண்டி கிட்டத்தில் வருகிறதா தூரத்தில் வருகிறதா என்று தெரிவதில்லை. சைக்கிள் கடைப் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இருசப்பன் ஒரு தரம் வீட்டுக்கு வந்தான். அவனுக்குச் சர்க்கரை, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், என்னோடு வீட்டில் உட்கார்ந்தால் அவன் நடை போய்விடும், அதனால் நானே வரவேண்டாம் என்று சொன்னேன். இப்போது சாயந்திரம் பின்கதவைத் திறந்து வைத்து ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன். எதிரே புதுச் சுவர், இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. நேற்று ரேணுகாம்பாள் யாரையோ கேலி செய்ய, ஏழெட்டுப் பேர் சேர்ந்து சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்க அங்கே நான் இல்லை. செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைக்கவில்லை, ஆனால் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் ரொம்ப நீளமாக இருக்கிறது மணி.

இதை அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் குழந்தையை யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள், தம்பி வீட்டில் சங்கடமாகிவிடும். பூங்காவுக்குப் போனீங்களா என்று அவள் போனில் கேட்கும்போது, கூட்டம் ஜாஸ்தி என்று மட்டும் சொல்கிறேன், அது பொய் இல்லை. நீ இரத்தம் கம்மி என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. மாப்பிள்ளையை மழைக்காலத்தில் படகில் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய், ஜாக்கிரதையாக இருக்கச் சொல். கவிநிலாவுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, நாலு எழுத்து தெரிந்தால் பலகையைப் பார்க்கலாம். எழுத்து வந்துவிட்டது என்று மரம் மட்டையைப் பார்க்க மறந்துவிடப் போகிறாள், அதையும் சொல்லிக்கொடு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரகலா வீட்டுக்குப் போன் பண்ணுகிறாய் இல்லையா, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் காலையில் எனக்கு வேலை இருக்கும். உங்கள் ஊரில் சாயந்திரமே இருட்டிவிடும், நீயும் வீட்டில்தான் இருப்பாய். ஏதாவது ஒரு கிழமை ஐந்தரை மணிக்குக் கூப்பிடு. என்ன கிழமை என்று முன்கூட்டியே எழுதிவிடு. பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு, உன் வீட்டில் என்ன சத்தம் கேட்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஆல்போல் தழைத்து, அரிசிக்கும் பேச்சுக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. ஆதிமூலம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)