உன் அம்மா கடைக்குப் போயிருந்த அரை மணி நேரம்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் சுகம், உன் அம்மாவும் சுகம். அம்மா உயிரோடு, கல்லுக்குண்டு மாதிரி, வாய் கொஞ்சமும் குறையாமல் சுகமாக இருக்கிறாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். அங்கே உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டரைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துக்கொள் என்று போன தடவையே எழுதினேன், வைத்திருக்க மாட்டாய் என்றும் தெரியும். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாயா? வெறும் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. மேல்வீட்டுக்காரர் குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகி, நம் கூடத்துச் சுவரில் ஒரு ஈரத்திட்டு வந்திருக்கிறது, அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு அர்ச்சனை செய்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் எழுத முடியுமா என்று தெரியவில்லை, எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நீதானே என்னை அந்த எழுத்துப் பட்டறையில் சேர்த்துவிட்டாய்? வினை அங்கேதான் ஆரம்பம். நூலகத்து மாடியறையில் சனிக்கிழமை காலையில் நடக்கிறது. வேறு தாய்மொழிக்காரர்கள் இந்த ஊர் பாஷையில் கதை எழுதிப் பழகும் இடம். எனக்குத் தெரிந்த பாஷை எது என்று உனக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன், திற, மூடு, எடை அதிகம், பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கேன், இவ்வளவுதான் என் இலக்கியம். மருந்துக் கடைக் கவுண்டரில் நின்று நின்று உன் அம்மா இந்தப் பாஷையைத் தண்ணீராகப் பேசுகிறாள், நான் பேசுவதைக் கேட்டால் ஓடுகிற லிஃப்டே பாதியில் நின்றுவிடும் என்பாள். வகுப்பில் எல்லாரும் என் ஜாதிதான் என்பது ஒரு ஆறுதல். ஒரு டாக்ஸிக்காரர், குரல் பெரிது, மனசும் பெரிது. ஒரு பேக்கரி அம்மா, வாராவாரம் மீந்த பன் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார், ஆனால் ஒரு வரி எழுத மாட்டார், ஒரு வார்த்தை பேச மாட்டார், வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். டீச்சர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஆனால் சட்டதிட்டத்தில் நெருப்பு. எழுதும்போது அகராதி கூடாது, போன் கூடாது, கையிருப்பில் உள்ள சொற்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். இன்னொரு சட்டம்தான் என் கழுத்தை அறுத்தது: ஒருவர் எழுதியதைப் படித்து முடித்ததும் மற்றவர்கள் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் டீச்சர் தலையசைத்தால்தான் பேசலாம்.

ஒரு வாரம் டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். உங்கள் வீட்டில் ஒரு அறை, அங்கே எப்போதும் இருக்கும் ஒருவர் இப்போது இல்லை, அறையை மட்டும் எழுதுங்கள், அரை மணி நேரம் என்றார். எனக்கு என்ன தோன்றும்? அன்று காலை உன் அம்மா வெங்காயத்தைப் பாதி நறுக்கிப் போட்டுவிட்டு, எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று கடைக்குப் போயிருந்தாள். அந்தச் சமையலறையை எழுதினேன். பலகையில் பாதி வெங்காயம். தட்டு போட்டு மூடி வைத்த டீ. ஜன்னல் திட்டில் அவள் மூக்குக்கண்ணாடி, அதன் ஒரு பக்கக் கீல் உடைந்து அவளே கறுப்பு நூல் சுற்றியிருப்பாளே, அந்த நூலையும் விடாமல் எழுதினேன். பிறகு என் கையிருப்புச் சொற்கள் வந்து நின்றன. அவள் இல்லாத வீடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட், விளக்கு எரிகிறது, காற்றும் வருகிறது, ஆனால் யாராவது வரும்வரை மூச்சு சரியாக இல்லை, நான் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் என்று எழுதினேன். அடுத்த வரிதான் முக்கியம், எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாக அவள் வந்து ஏன் இப்படி முழிக்கிறீங்க என்று கேட்டாள் என்று எழுத வேண்டும். அதற்குள் டீச்சர் மணியை அடித்துவிட்டார், பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்.

படித்தேன். முடித்து நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் மூக்கை உறிஞ்சுகிறார், டாக்ஸிக்காரர் மேசையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். அடேயப்பா, நம் எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பேசப் பேசத்தான் தெரிந்தது, இவர்கள் என் எழுத்துக்கு அழவில்லையம்மா, உன் அம்மாவுக்கு அழுகிறார்கள். அந்தக் கண்ணாடிய இன்னும் எடுத்து வைக்காம இருக்காரே மனுஷன் என்கிறார் டாக்ஸிக்காரர். எனக்கோ வாய்ப்பூட்டு! கையை ஆட்டினேன், துக்கத்தில் ஆட்டுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் எப்போது தலையசைப்பார் என்று காத்திருந்தேன், அவர் தலையசைக்கும் நேரம் பார்த்து பேக்கரி அம்மா வாயைத் திறந்தார். அத்தனை வாரமாகப் பேசாத மனுஷி. என் வீட்டுக்காரர் செருப்பும் இன்னும் வாசல்லதான் கெடக்கு, போன வருஷம் போயிட்டாரு, இதையெல்லாம் எழுதலாம்னு எனக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீயே சொல், அந்த நேரத்தில், ஐயோ என் பெண்டாட்டி எண்ணெய் வாங்கத்தான் போயிருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்?

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். நல்ல நாற்காலி எனக்கு, முதல் பன் எனக்கு. வகுப்பு முடிந்ததும் டாக்ஸிக்காரர் என்னைக் கொண்டுவந்து விடாமல் ஓய மாட்டேன் என்கிறார். நான் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறேன். அப்படியும் ஒருநாள் வண்டி வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் பால்கனிப் பக்கம் வராதே என்றேன். ஏன் என்றாள். வெயில் என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றே அவளுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. பேக்கரி அம்மாவோ வாராவாரம் நான்கு பக்கம், ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார், சொல் தெரியாத இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டினால் மேலே எழுதுவார். இந்தச் சமயத்தில் டீச்சர் ஒரு குண்டு போட்டார். நூலகத்துக் கீழ்க்கூடத்தில் எல்லாரும் எழுதியதைப் படிக்க வேண்டும், வீட்டாரை அழைத்து வரலாம், முதலில் படிப்பது லிஃப்ட்காரர் என்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. உன் அம்மா என்ன புடவை கட்டுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள். அவள் வந்து உட்கார்ந்தால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். ஊரார் கண்ணீரை ஏமாற்றி வாங்கியவன் என்று பெயர் வரும், வரட்டும், அதுகூடப் போகட்டும். அந்த பேக்கரி அம்மா என்னை நம்பித்தான் பேனாவைத் தொட்டார், எல்லாம் வேஷம் என்று நினைத்துப் பேனாவைக் கீழே போட்டுவிட்டால்? அதுதான் எனக்குப் பெரிய பயம். வராதே என்று உன் அம்மாவிடம் சொன்னால் அவள் முகம் வாடிப்போகும், அதையும் பார்க்க முடியாது. இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தேன்.

வியாழக்கிழமை சமையலறைக்கு பல்பு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நம் சமையலறை மேசையில் பேக்கரி அம்மாவும் உன் அம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பெரிய கேக். தனியாளாகக் கிடக்கிறானே என்று பாவப்பட்டு விலாசம் விசாரித்துக் கொண்டு வந்திருக்கிறார் புண்ணியவதி. நடந்ததைப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். கதவைத் திறந்தவளை, நீங்க அவரோட தங்கச்சியா என்று கேட்டிருக்கிறார். பெண்டாட்டி என்றாள் இவள். அந்த அம்மா முகம் செத்துப்போய், பிறகு சமாளித்துக்கொண்டு, நல்லதுதாம்மா, மனுஷனுக்கு ஒரு துணை வேணுமில்ல, ஆனா அந்த முதல் சம்சாரத்த அவர் மறக்கும்படி பண்ணிடாதீங்க என்றாராம். உன் அம்மாவைத்தான் தெரியுமே, கண் இமைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டாள். இவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்க வேண்டும். நான் உள்ளே நுழைந்ததும், வாங்க, மூத்தாளைப் பத்தி இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே என்றாள். பல்பு கையிலிருந்து விழாதது தெய்வச் செயல்.

வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்த பிரதி ஒன்று பேக்கரி அம்மாவின் பையில் இருந்தது. மடித்து மடித்துப் படித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. அதை உன் அம்மாவிடம் நீட்டினார். அம்மா எட்டி ஜன்னல் திட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி. பேக்கரி அம்மா அந்த நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நூலைப் பார்த்தார். அம்மா படித்துக்கொண்டே இருக்கிறாள், இவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவங்க கடைக்குப் போயிருந்தாங்க, மணி அடிச்சிட்டாங்க, என்று இரண்டு மொழியிலும் உளறினேன். முதலில் சிரித்தது பேக்கரி அம்மாதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மேல்வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். உயிரோட இருக்கற பெண்டாட்டிக்கு எவன்யா இப்படி எழுதுவான், அதான் போயிட்டாங்கன்னு நெனச்சோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். என்னை மன்னித்துவிடுங்கள், எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். நிறுத்தறதா, அவங்க இருக்கும்போதே நீங்க எழுதிட்டீங்க, நான் அவரு போனப்புறம்தான் எழுதறேன், எனக்கு இன்னும் நெறைய பாக்கி இருக்கு என்றார். உன் அம்மா எழுந்து மூன்று தட்டு எடுத்து கேக்கை வெட்டினாள், பெரிய துண்டு எனக்கு வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்கே மறந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

நேற்று கூட்டம். கடைக்குப் போனாள் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன் என்றேன், அம்மா விடவில்லை. ஒரு எழுத்து மாத்தக் கூடாது, நான் எண்ணெய் வாங்கிட்டு வந்துட்டேன்னு எழுதினா எவன் அழுவான் என்றாள். நீலப் புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். படித்தேன், ஒரு இடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை. கூடம் முழுக்கக் கைக்குட்டை. டாக்ஸிக்காரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் அம்மாவிடமே குனிந்து, அந்தம்மா எப்பேர்ப்பட்டவங்களா இருந்திருப்பாங்க என்றார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, மத்தபடி தங்கம் என்றாள் இவள். பிறகு டீச்சர், யாராவது ஏதாவது சொல்ல விரும்பினால் என்றதும் எழுந்து, நான்தாங்க செத்துப்போன அந்தம்மா, கடைக்குப் போயிருந்தேன் என்றாளே பார்க்கலாம்!  அப்புறம் கூரை பிய்ந்துகொண்டது. டீச்சர் நாற்காலியில் சாய்ந்து அழுதுகொண்டே சிரிக்கிறார், டாக்ஸிக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றுகிறார், இனிமே நீ நடந்தே போய்யா என்கிறார். அந்தக் கூத்து அடங்கிய பிறகு பேக்கரி அம்மா எழுந்து தன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதைப் படித்தார். ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள், அதையே ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க என்று. வாய் வரவில்லையம்மா. அந்தப் பாஷையில் எனக்கு இருப்பது நூறு சொல், வெட்கப்படும் சொல் அதில் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தமிழில் எல்லாச் சொல்லும் தெரியும், அதனாலேயே தொண்டையில் நிற்கிறது. தண்ணீர் குடித்தேன், இருமினேன், பல்பை மாட்டப் போகிறேன் என்று ஏணி எடுத்தேன். அவளும் சரி சரி என்று போய்விட்டாள், ஆனால் முகத்தில் சின்னதாக ஒரு வாட்டம், நான் பார்த்தேன். உனக்குப் போகும் கடிதத்தை அவள் படிக்காமல் உறை ஒட்ட மாட்டாள் என்பது நம் வீட்டு வழக்கம். வாயால் ஆகாததைக் கையால் செய்கிறேன், நீ கொஞ்சம் காதைப் பொத்திக்கொள். வீட்டுக்காரி, நீ கடைக்குப் போகும்போதெல்லாம் நான் ரேடியோ கேட்பதாகச் சொல்வது பொய். கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்ட பிறகுதான் ரேடியோவைப் போடுகிறேன். நீ இல்லாத வீடு எனக்கு ஆகாது. எனக்கு உன்மேல் அவ்வளவு ஆசை.

மகளே, காதிலிருந்து கையை எடுத்துக்கொள்ளலாம். நீ நூறு வயசு நல்லாயிருக்கணும், நினைத்ததெல்லாம் கைகூடணும். கம்ப்யூட்டரை உயரத்தில் வை, மறக்காதே. காலையில் சாப்பிடு. பிடித்தவர்களிடம் பிடித்ததை எந்தப் பாஷையிலாவது சொல்லிவிடு, ஒத்திப்போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பழைய லிஃப்ட் மெக்கானிக், புது எழுத்தாளர்.

கண்ணு, அம்மா எழுதுகிறேன். படித்தேன். நாலு இடத்தில் ஒற்றுப் பிழை, திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். உனக்கு வந்திருப்பது ஜெராக்ஸ். அசலைக் கேட்காதே, தர மாட்டேன்.