ஜன்னலோர நாற்காலி

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் ம் என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருடமும் எனக்கு மூன்றாம் வகுப்புதான், நீ என்னிடம் படித்த அதே அறை. மிளகு என்று ஒரு பொடிசு வந்திருக்கிறாள், நான் வைத்த செல்லப்பெயர். வீட்டில் வாயாடியாம், வகுப்புக்குள் கால் வைத்தால் பேச்சே வராது. இந்த மாதத்துக்குள் வாயைத் திறக்காவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நான் அதட்டவில்லை. வருகைப் பதிவுக்கு விரலைத் தூக்கினால் போதும், பாடத்தை உனக்குப் பிடித்த ஒருத்தருக்கு மட்டும் படித்துக்காட்டு என்றேன். அவள் கைகாட்டியது ஜன்னலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியை. சரி, அதுவாவது ஆகட்டும் என்று விட்டேன். தினமும் அந்தப் பக்கம் திரும்பி முணுமுணுப்பாள், நடுவில் நிறுத்திக் காத்திருப்பாள், பிறகு தலையாட்டுவாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் யாருக்கடி படிக்கிறாய் என்று கேட்டேன். ஒரு அக்காவுக்கு டீச்சர், அவங்களும் வகுப்புல பேச மாட்டாங்களாம், உள்ளேன் டீச்சர்னு சத்தமா சொன்னாத்தான் கதவைத் திறப்பேன்னு நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்களாம் என்று என் காதில் சொன்னாள். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அன்றைக்கு மதிய இடைவேளையில் உன்னை வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டியது நம் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்? உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீதான் அங்கே குடும்பமும் வேலையுமாக நன்றாக இருக்கிறாயே, அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்?

மறுநாள் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கதவை அகலத் திறந்துவைத்து, அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். தப்பு என்மேல்தான் கண்ணு, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், எழுந்து போ என்று சொல்லி அழுதேன். நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது, சத்தியமாக. திங்கட்கிழமை பெயரைக் கூப்பிட்டபோது மிளகு உள்ளேன் டீச்சர் என்றாள், சின்னக் குரல்தான், வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த அக்கா எங்கே என்றேன். போயிட்டாங்க டீச்சர், அவங்க வீடு ரொம்ப தூரமாம், நடந்தே போறாங்க என்றாள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் தாயே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எட்டு வயதுப் பெண் ஒருத்தி உன் வாசலில் வந்து நின்றால் யார், என்ன என்று கேட்காதே, அவளால் பதில் சொல்ல முடியாது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடு.

இப்படிக்கு,
அன்றைக்கு டீச்சராக மட்டும் இருந்துவிட்ட
உன் அம்மா